மறதிக்கு வைட்டமின் ஈயும் ஜிங்கோவும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எழுபது வயதைக் கடந்த என் தாயார், மறதி குறையும் என்ற நம்பிக்கையில் 400 யூனிட் வைட்டமின் ஈ கேப்சூலையும் ஜிங்கோ பைலோபா என்ற மரத்தின் இலைச்சாற்று மாத்திரையையும் சில ஆண்டுகள் விடாமல் சாப்பிட்டு வந்தார். மறதியைப் பொறுத்தவரை, எங்கள் கண்ணுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கை நோட்டில் எழுதி வைப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். பால்காரருக்குக் கொடுத்த பணம் அதில் இரண்டு முறை பதிவாவதும், மளிகைக் கடை பாக்கி அடியோடு விட்டுப்போவதும், மாத்திரை தொடங்கிய பிறகும் முன்போலவே தொடர்ந்தன.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. லேசான நினைவுக் குறைபாடு உள்ள 769 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 2000 யூனிட் வைட்டமின் ஈ மூன்றாண்டுகள் கொடுத்தும், அல்சைமர் நோயாக முற்றுவது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறையவில்லை. 75 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் ஜிங்கோவைச் சோதித்த 2008ஆம் ஆண்டு ஆய்வும் அதே முடிவுக்குத்தான் வந்தது. ஓரளவு சாதகமானது என்றால், அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வுதான்: அல்சைமர் ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு, குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்பாடுகளின் சரிவு சுமார் ஆறு மாதம் தள்ளிப்போனது. அதிலும் நினைவாற்றல் சோதனைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

இதய நோய்க்காக ஆஸ்பிரினும் சாப்பிடும் அம்மாவுக்கு, லேசாக இடித்தாலே கை கன்றிப்போகத் தொடங்கியது. பல் பிடுங்கப் போன இடத்தில் மருத்துவர் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, வைட்டமின் ஈயும் ஜிங்கோவும் இரத்தக் கசிவை அதிகரிக்கக்கூடும் என்று நிறுத்தச் சொன்னார். ஆண்களுக்கு வேறொரு கவலையும் உண்டு: தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டதாக 2011இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று தெரிவித்தது.

அம்மாவைப் போலச் சர்க்கரை நோய்க்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதால், பிறகு அதையும் தைராய்டையும் சோதிக்கச் சொன்னார்கள். பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டதில் பாத எரிச்சலும் சோர்வும் நன்றாகக் குறைந்தன. மறதி சற்றே தெளிந்ததேயொழிய முழுதாக நீங்கவில்லை. கேப்சூலுக்குக் காசு செலவழிக்கும் முன் இந்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்வது நல்லது. அல்சைமர் உறுதியானவருக்கு மருத்துவரே பார்த்து வைட்டமின் ஈ எழுதிக் கொடுத்தால், அது வேறு விஷயம்.