மிச்ச நூலில் லேஸ் ஸ்கார்ஃப்: எந்த வடிவம், எந்த நூல்?

ஜெர்சி பின்னி முடித்ததும் பையில் தங்கிவிடும் அரைப்பந்து நூலை எறிய யாருக்கும் மனம் வராது. மெல்லிய நூலாக இருந்தால் 50 கிராம், அதாவது ஏறத்தாழ 200 மீட்டர், கழுத்தைச் சுற்றும் சின்ன லேஸ் (ஓட்டை ஓட்டையாகப் பின்னும் டிசைன்) ஸ்கார்ஃபுக்குப் போதும். ஆனால் மிச்ச நூல் எதுவரை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் டிசைனுக்கு முன்னால் வடிவத்தை முடிவு செய்யுங்கள்.

பலரும் ஆசைப்படுவது பின்கழுத்தின் நடுவில் தொடங்கி இறங்கும் முக்கோணம். அழகுதான். ஆனால் வரிசைக்கு வரிசை கண்ணிகள், அதாவது ஊசியில் நிற்கும் பின்னல் வளையங்கள், கூடுவதால், பாதி உயரம் வந்தபோது கால்வாசி நூல்தான் செலவாகியிருக்கும். நிறைய இருக்கிறதே என்று நம்பிப் பின்னுவோம். கடைசி முப்பது சதவீத உயரம் மட்டுமே மொத்த நூலில் பாதியை விழுங்கிவிடும். லேஸின் சிறப்பே கீழ்க்கரைதான், அதற்குத்தான் நூல் இருக்காது. புதுப்பந்து வாங்கிப் பின்னுகிறவர்களுக்கு இது சரி, மிச்ச நூலுக்கு வேண்டாம்.

நான் சொல்வது ஒரு முனையில் தொடங்கும் பக்கவாட்டு முக்கோணம். மூன்று கண்ணியில் ஆரம்பித்து, ஒரு ஓரத்தில் மட்டும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தொடங்குமுன் பந்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி எடை தீர்ந்ததும் அதே ஓரத்தில் அதே வேகத்தில் குறைக்க ஆரம்பித்தால், நூலும் ஸ்கார்ஃபும் ஒன்றாக முடியும். கையிருப்பாக இரண்டு மூன்று கிராம் இருக்கட்டும்.

பல நிறத்தில் துண்டுத் துண்டாக இருந்தால் நேரான நீளத் துண்டுதான் நல்லது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளின் பழைய அலை டிசைனில் 18 கண்ணி, 4 வரிசை கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும். அதில் ஒரு வரிசையில் மட்டும்தான் ஓட்டை விழும், மற்றவை சாதாரணப் பின்னல். நிறம் மாறும் இடம் கோடாகத் தெரியாமல் அலையாக வளையும். நூல் தீர்ந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் நூல். நம் வீடுகளில் அதிகம் மிஞ்சுவது அக்ரிலிக், மெஷினில் துவைக்கலாம் என்பதால். ஆனால் பின்னி முடித்ததை நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தாலும் அதன் ஓட்டைகள் விரிந்து நிற்காது. இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் மேலே பிடித்து ஆவி காட்ட வேண்டும். சூடு மிஞ்சினால் தொய்ந்துபோகும், பிறகு மீளாது. கம்பளி நூல் நனைந்ததும் சொன்னபடி கேட்கும். இரண்டையும் ஒரே ஸ்கார்ஃபில் கலக்காதீர்கள், ஒன்று விரியும், மற்றது சுருங்கும். பருத்தி நூல், டர்பன் நகரின் மிதமான குளிருக்கு உடம்பில் இதமாக இருக்கும், ஆனால் கனத்தால் நீண்டு தொங்கும். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவின் குளிர்கால ஜூலை இரவுக்கு அது காணாது.

அங்கோரா ஆட்டு மயிரில் நூற்கும் மொஹேர் மட்டும் தனி ரகம். 1838-இல் துருக்கியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்த அங்கோரா ஆடுகளின் வழி வந்த தொழில் இது. இன்று உலக மொஹேரில் பாதியளவு தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலும் கிழக்கு கேப்பின் கரூ நிலத்தில் விளைகிறது. நம் நாட்டுச் சரக்கு, எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு. குட்டி ஆட்டின் மெல்லிய மொஹேர் 25 கிராமிலேயே 200 மீட்டர் தாண்டும். எடையே தெரியாமல் சூடு தரும். ஆனால் பிரிப்பது பெரும்பாடு, மயிர் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு டிசைன் சுற்று முடிந்ததும் கண்ணிகளுக்குள் வழுவழுப்பான வேறு நிற நூலைக் கோத்து வையுங்கள். தவறு நேர்ந்தால் அதுவரை மட்டும் பிரித்தால் போதும். புதிதாகப் பழகுபவர்கள் கம்பளியில் ஒன்று பின்னிவிட்டு இதற்கு வரட்டும்.

எந்த வடிவமானாலும் சாதாரணப் பின்னலுக்கு எடுப்பதைவிட இரண்டு அளவு பெரிய ஊசி எடுங்கள். கண்ணி முடிக்கும் வரிசைக்கு அதன் அகலத்தைப்போல நான்கு மடங்கு நூலாவது ஒதுக்குங்கள். அந்த வரிசையை இறுக்கமாக முடித்தால், எவ்வளவு குண்டூசி குத்தினாலும் கரை விரியாது.