பலூன் பம்பா, பற்றரி பம்பா?

நெடுந்தீவுக்குப் படகேறும் நோயாளிக்கு மருந்தை உடலுக்குள் மெல்ல மெல்லச் செலுத்த, ஒருமுறை பாவிக்கும் பலூன் பம்ப் வசதி. மின்சாரம் வேண்டாம், பலூன் சுருங்கி மருந்தைத் தள்ளும். வேகத்தைத் தீர்மானிப்பது ரியூபிலுள்ள நுண்துளைக் கட்டுப்படுத்தி. புற்றுநோய் மருந்தான ஃபுளூரோயூராசில் 230 மில்லிலீற்றர், மணிக்கு 5 மில்லிலீற்றர் என்றால் 46 மணித்தியாலம். பல பம்புகள் தோல் வெப்பத்துக்கே அளவு செய்யப்பட்டவை. ஆகவே கட்டுப்படுத்தியைத் தோலோடு பிளாஸ்ரரால் ஒட்டவேண்டும். வைகாசி வெயிலில் அது வெளியே தொங்கினால் வேகம் கூடும். 10 சதவீதம் கூடினாலே 4 மணித்தியாலம் முந்தி முடியும். ரியூப் மடிந்து அடைபட்டாலும் அலாரம் அடிக்காது. பலூன் சுருங்குகிறதா என்று இடைக்கிடை பார்க்கத்தான் வேண்டும்.

பற்றரி சிரிஞ்ச் பம்ப் அடைப்பைச் சொல்லும், வேகத்தையும் மாற்றலாம். விலை கூட, ஆனால் திரும்பப் பாவிக்கலாம். மோர்பின் போல அளவு பிசகக்கூடாத மருந்துக்கு எங்கள் தெரிவு இதுவே; மாற்றுப் பற்றரி கைவசம் இருக்கட்டும்.