ஜிபியு ரீபாலிங் பண்ணணும் என்று யாராவது சொன்னால், முதலில் உங்கள் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு கேமிங் லேப்டாப்பைக் கடையில் கொடுத்து, 9,300 ரூபாயும் கட்டி, ஒன்றுமே செய்யாமல் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் தப்பு, உள்ளே இருந்த ராம் ஒன்றை உருவிக்கொண்டார்கள்.

நான் வியாசர்பாடி. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில்லிங் வேலை. எங்கள் ஏரியா பசங்க கால்பந்தில் பேர் வாங்கினவர்கள், எனக்கு அந்தக் கால் வாய்க்கவில்லை, ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஜிடிஏ 5-ல் கார் ஓட்டுவதோடு சரி. அதற்காகவே 2022-ல் தவணை போட்டு 92,000 ரூபாய்க்கு, ஆர்டிஎக்ஸ் 3060 என்கிற ஜிபியு (கேம் படத்தை ஓட்டுகிற கிராஃபிக்ஸ் சிப்) இருக்கிற லேப்டாப் வாங்கினேன். 16 ஜிபி ராம், 230 வாட் சார்ஜர். அந்தச் சார்ஜர் செங்கல் மாதிரி கனக்கும், பையில் வைத்தால் ஒரு தோள் இறங்கிவிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். லேப்டாப்பைத் துணியில் சுற்றிப் பரண் மேல் ஏற்றியவன், கட்டிலுக்குக் கீழே கிடந்த சார்ஜரை மறந்துவிட்டேன். காயவைத்து எடுத்தேன், ஆச்சரியமாக ஓடியது, ஒன்றரை வருஷம் ஓடிவிட்டு ஒரு நாள் சத்தமில்லாமல் செத்தது. கம்பெனி சார்ஜர் விலை 6,800 என்றார்கள். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் அதே முனை, அதே வோல்ட், 1,900 ரூபாய். மேலே பெரிசாக 230 வாட் என்று ஸ்டிக்கர். வாங்கிவிட்டேன். இந்த இடத்தில் என்னையும் நாலு வார்த்தை திட்டிக்கொள்ளலாம், அது நியாயம்தான்.

சார்ஜர் இல்லாமல் மூன்று வாரம் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. திறந்ததும் விண்டோஸ் அப்டேட் ஒன்று வரிசையில் நின்றது, அதைப் போட்டேன். அப்புறம் கேமைப் போட்டால் முன்பு 90, 100 எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தனை படம் என்கிற கணக்கு) வந்த இடத்தில் 24. காரைத் திருப்பினால் படம் பாதித் தெருவில் நின்று யோசிக்கிறது. அப்டேட் மேல்தான் முழுச் சந்தேகமும். கிராஃபிக்ஸ் டிரைவரை டிடியு என்கிற நீக்கும் சாஃப்ட்வேர் வைத்துச் சுத்தமாக நீக்கித் திரும்பப் போட்டேன், கேம் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸில் ஓடுகிறதோ என்று செட்டிங்ஸில் பார்த்து 3060-க்கு மாற்றினேன் (அது ஏற்கெனவே அதில்தான் இருந்தது), கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து விண்டோஸையே புதிதாகப் போட்டேன். அதே 24. நடுவில் ஒரு நாள் கேம் ஓடும்போது மூலையில் கம்பெனி சாஃப்ட்வேரிலிருந்து ஒரு குட்டி அறிவிப்பு வந்தது, சார்ஜர் பவர் பத்தவில்லை என்று. துரத்தலின் நடுவில் வந்த எரிச்சலில் ‘இனி காட்டாதே’ என்று டிக் அடித்துவிட்டேன். சத்தியமாக அதைப் படிக்கவே இல்லை.

அப்புறம்தான் அந்தக் கடை. பெரம்பூரில் ஒரு மாடிக்கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அடிப்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ஜோசியர் மாதிரி.

“தம்பி, சிப்பு சூட்டுல வீக் ஆயிடுச்சு. ரீபாலிங் பண்ணாத்தான் உண்டு. இப்டியே உட்டீங்கன்னா போர்டே போய்டும், கம்பெனில அறுவதாயிரம் சொல்லுவான்.”

அறுபதாயிரம் என்றதும் வயிறு கலங்கிவிட்டது. ரீபாலிங், அதாவது சிப்பைக் கழற்றி அடியில் புது ஈய உருண்டை வைத்து ஒட்டுவது, 8,500; சிப்பின் சூட்டைக் கடத்த மேலே பூசுகிற பேஸ்டை மாற்ற 800. 4,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா, “அவ்ளோ காசு குட்த்து வாங்கின பொட்டிக்கு மறுபடியும் இன்னாடா செலவு?” என்று கேட்டார். சூட்டில் சிப் வீக் ஆகிவிட்டது என்று கடைக்காரர் சொன்னதையே ஒப்பித்தேன்.

பதினோரு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். கடையில் கேமைப் போட்டுக் காட்டினார், 95 எஃப்பிஎஸ். சந்தோஷமாக மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் போட்டால் 24. மறுநாள் யார்டிலிருந்து நேராகக் கடைக்கு. அங்கே 95. “பாருங்க தம்பி, சூப்பரா ஓடுதே. உங்க வூட்டு கரண்ட்டுதான் லோ வோல்டேஜ்.” எங்கள் தெருவில் லோ வோல்டேஜ் புதிது இல்லை, அதனால் அதையும் நம்பினேன். ஸ்டெபிலைசர் விலைகூட விசாரித்துவிட்டேன்.

மூன்றாவது தடவை போனபோதுதான் கண் மேஜைக்குக் கீழே போனது. லேப்டாப்பில் சொருகியிருந்தது அவர் கடைச் சார்ஜர், பழைய என் சார்ஜர் மாதிரியே செங்கல் சைஸ். என் சார்ஜர் என் பையிலேயே இருக்கிறது. மூன்று தடவையும் அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் பார்த்ததெல்லாம் திரையை மட்டும்.

“அண்ணா, என் சார்ஜர்ல போட்டுக் காட்டுங்க.”

“அது எதுக்கு தம்பி, எல்லாம் ஒரே கரண்ட்டுதானே.”

நானே எடுத்து மாற்றிச் சொருகினேன். சில நொடியில் 95 இறங்கி 24. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. “அப்ப சார்ஜர்தான் வீக்கு. நம்மகிட்டயே இருக்கு, எட்டாயிரம், உங்களுக்குன்றதால ஏழரை.” 9,300 வாங்கின வாயாலேயே இதையும் கேட்டார்.

வாயடைத்துப் போய் வீட்டுக்கு வந்து சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். 230 வாட் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தால் அடியில் பொடி எழுத்தில் அவுட்புட் 19.5 வோல்ட், 6.15 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 120 வாட் வருகிறது. என் பழைய சார்ஜரில் 19.5 வோல்ட், 11.8 ஆம்பியர், அதுதான் 230. வோல்ட் ஒத்துப்போனதால் லேப்டாப் ஆன் ஆகிறது, சார்ஜ் ஏறுகிறது, எக்செல் ஓடுகிறது, எதிலும் குறை தெரியாது. கேமைப் போட்டதும் பவர் பத்தாமல் லேப்டாப்பே ஜிபியுவின் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஒரிஜினல் இல்லாத சார்ஜரை அடையாளம் தெரியாவிட்டாலும் சில லேப்டாப் இதையேதான் செய்யும்.

இதைப் பார்க்க ஒரு ரூபாய் செலவில்லை. ஜிபியு-இசட் என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, அதில் சென்சார்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேமை ஓட்டினால் போதும். எனக்கு ஜிபியு 25 வாட் தான் இழுத்துக்கொண்டிருந்தது, கிளாக், அதாவது சிப் ஓடுகிற வேகம், 400 மெகாஹெர்ட்ஸ் பக்கம், சூடு 54 டிகிரி. லேப்டாப் 3060-க்கு அதைத் தயாரிக்கிற என்விடியா சொல்லும் பவர் அளவே 60-லிருந்து 115 வாட் வரை, எவ்வளவு என்பது மாடலைப் பொறுத்தது. அந்த 54 டிகிரியைப் பாருங்கள். சூட்டில் திணறுகிற ஜிபியு 85, 87 என்று கொதித்துவிட்டுத்தான் வேகத்தைக் குறைக்கும். இது குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறது. ‘பெர்ஃப்கேப் ரீசன்’ என்று ஒரு வரி வரும், வேகம் ஏன் குறைகிறது என்று அதுவே சொல்லும், எனக்கு அதில் பவர் என்றுதான் வந்தது. இன்னொரு அறிகுறியும் ரொம்ப நாளாகக் கண் முன்னாடியே இருந்தது: சார்ஜர் சொருகியிருக்கும்போதே கேம் ஆடினால் பேட்டரி சதவீதம் இறங்கிக்கொண்டே போகும்.

ரீபாலிங் என்பது பொய் வேலை இல்லை. லேப்டாப்பில் ஜிபியு போர்டோடு ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும், அடியில் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டி ஈய உருண்டைகள். சிப்பைச் சூடு கொடுத்துத் தூக்கி, பழைய ஈயத்தை வழித்தெடுத்து, புது உருண்டை வைத்துத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். மெஷினும் கையும் இரண்டும் நன்றாக இருந்தால்தான் முடியும். ஆனால் அந்த இணைப்பு விட்டுப்போனால் திரையில் கோடு கோடாக வரும், புள்ளி புள்ளியாக வரும், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழை காட்டும், இல்லை ஜிபியுவே காணாமல் போகும். படம் சுத்தமாக வந்து வேகம் மட்டும் குறைந்தால் அந்தப் பேச்சுக்கே வேலை இல்லை.

எனக்குச் செய்தார்களா என்பதையும் பார்த்துவிடலாம் என்று வண்ணாரப்பேட்டையில் மொபைல் சர்வீஸ் செய்கிற நண்பனைக் கூப்பிட்டேன். வீட்டுத் தரையில் செய்தித்தாள் விரித்துத் திறந்தோம். பின் மூடியின் ஸ்க்ரூ ஒன்று மாறியிருந்தது, அதாவது திறந்திருக்கிறார்கள். ஆனால் ஹீட்சிங்கை (சிப் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கிற உலோகப் பாகம்) பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களின் தலையில் ஃபேக்டரியில் வைக்கிற சிவப்புப் பெயின்ட் பொட்டு இருக்கும் இல்லையா, அது ஒன்றுகூட உடையவில்லை. நண்பன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மச்சி, இந்த ஸ்க்ரூவ எவனும் தொடவே இல்லடா” என்றான். ஹீட்சிங்கைக் கழற்றாமல் சிப்பைத் தூக்க முடியாது, பேஸ்ட்கூட மாற்ற முடியாது. கழற்றிப் பார்த்தோம், பழைய பேஸ்ட் வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஃபேனில் மூன்று வருஷத் தூசி, கம்பளி போல. மணலி லாரி ஓடுகிற ரோட்டுப் பக்கம் வீடு இருந்தால் இப்படித்தான் இருக்கும், அது கடைக்காரர் குற்றமில்லை. 800 வாங்கிவிட்டு ஒரு பிரஷ் போட்டுக்கூடத் தட்டாததுதான் குற்றம்.

ராமைக் கவனித்தது அவன்தான். இரண்டு 8 ஜிபியும் ஒரே கம்பெனியாக இருக்கணும், இங்கே ஒன்று வேறு கம்பெனி, ஸ்டிக்கர் ஓரம் கிழிந்து பழசாக. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் வேகம் 2666. வாங்கின பில்லிலும் டப்பாவிலும் 3200 என்று இருக்கிறது. வேகம் குறைந்த ஒன்றைச் சேர்த்துப் போட்டால் இரண்டுமே அந்தக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். மொத்தம் 16 ஜிபி என்று சரியாகக் காட்டுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. சிபியு-இசட் என்கிற இலவச சாஃப்ட்வேரில் எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எந்தக் கம்பெனி, என்ன பார்ட் நம்பர் என்று தனித்தனியாகத் தெரியும். கொடுப்பதற்கு முன் அதைப் படம் பிடித்து வைத்திருந்தால் எனக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

கம்பெனி சார்ஜரை 6,800 கொடுத்து வாங்கினேன். நண்பன் பேஸ்ட் போட்டான், தூசி எடுத்தான், பிரியாணிக்கு மேல் காசு வாங்கவில்லை. இப்போது 108 வாட், 76 டிகிரி, எஃப்பிஎஸ் 90-க்குக் கீழே இறங்குவதில்லை.

கடைக்குத் திரும்பப் போனேன், நண்பனையும் கூட்டிக்கொண்டு. முதலில், “எங்ககிட்ட வரும்போதே அந்த ராம்தான் தம்பி இருந்துச்சு” என்றார். பில் கேட்டால் என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டு, ‘லேப்டாப் சர்வீஸ் 9300’ என்று பேனாவில், கடை சீல்கூட இல்லை. நல்லவேளையாக மீதி 5,300-ஐ ஜிபேயில் போட்டிருந்தேன், ரீபாலிங் 8,500 என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவும் இருந்தது. ஸ்க்ரூ பொட்டு உடையாமல் இருந்ததைக் கழற்றுவதற்கு முன் நண்பன் வீடியோ எடுத்திருந்தான், அதைக் காட்டியதும் குரல் இறங்கியது. கடைசியில் 3200 ராம் ஒன்றைக் கொடுத்தார், என்னுடையது இல்லை, வேறு ஏதோ. பணத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் போன் வந்துவிடுகிறது அவருக்கு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். அங்கே சரிவராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகணும் என்றும் இல்லை, நடந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் அந்தத் துண்டுச் சீட்டைக்கூட லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன்.

பெரம்பூர், மூலக்கடை, கொடுங்கையூர் பக்கம் ஏதாவது மாடிக்கடையில் சமீபத்தில் லேப்டாப் கொடுத்து வாங்கியவர்கள், இன்றைக்கு ராத்திரியே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி வேகத்தை உங்கள் பில்லோடு ஒத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் எனக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள், என் புகார் எண்ணைத் தருகிறேன். இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் அந்த மனிதருக்கு அடுத்த தடவை போன் வராது.