பஸ் நிறுத்தத்திலும் பஸ்ஸுக்குள்ளும்: குளிர்காலத்துக்கு நான்கு இனிப்பு சென்ட்கள்

குளிருக்கென்று வாங்கும் சென்ட்டைக் கடையில் நின்று முகர்ந்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு இடங்களில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்று, மைனஸ் பத்து டிகிரியில் காத்து நிற்கும் பஸ் நிறுத்தம். மற்றது, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஜன்னல் திறக்காத அந்த பஸ்ஸின் உட்புறம். டொராண்டோவில் குளிர்காலம் முழுவதும் நான் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அலைகிறேன். வெனிலா, கேரமல், பால், பஞ்சு மிட்டாய் என்று தின்பண்டங்களை நினைவூட்டும் 'கூர்மான்' வகை சென்ட்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அவற்றில் அதிகம் பேசப்படும் நான்கை இந்த இரண்டு இடங்களிலும் வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளிரில் எந்த வாசனையும் மெதுவாகத்தான் ஆவியாகும். மூக்கும் மந்தப்பட்டிருக்கும். சென்னையின் மே மாதத்தில் தலைவலி தரக்கூடிய வெனிலா, பனிக் காற்றில் அளவோடு, இதமாக வருவதற்கு இதுவே காரணம். ஆனால் பஸ்ஸில் ஏறிக் கோட்டின் ஜிப்பை இறக்கியதும், அதுவரை துணிக்குள் அடங்கிக் கிடந்த வாசனை உடல் சூட்டோடு ஒரே மூச்சில் மேலே எழும். அந்த நேரத்தில் வெறும் சர்க்கரை மட்டும் வந்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இனிப்பை இழுத்துப் பிடிக்க அதனுள்ளேயே கசப்போ, புகையோ, புளிப்போ ஏதாவது ஒன்று வேண்டும். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கெர்லேன் நிறுவனத்தின் ஷாலிமார் இந்த வித்தையை 1925-லேயே முடித்துவைத்துவிட்டது. செய்தவர் ஜாக் கெர்லேன். முகலாயத் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய சென்ட். அதே நிறுவனம் 1889-இல் வெளியிட்ட ஜிக்கி என்ற சென்ட்டில் எத்தில் வெனிலினை ஊற்றிப் பார்த்தபோது இது பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எத்தில் வெனிலின் என்பது ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட பொருள். வெனிலாவுக்கு மணம் தரும் சாதாரண வெனிலினைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வீரியம் கொண்டது. அதைத் தனியே விட்டிருந்தால் ஐஸ்கிரீம் வாசனையோடு நின்றிருக்கும். ஷாலிமாரில் அதற்கு மேலே பெர்கமாட்டின் எலுமிச்சைப் புளிப்பு தாராளமாக இருக்கிறது. அடியில் பிசினும் பதனிட்ட தோலும் புகையும் இருக்கின்றன. கோடையில் சில நிமிடங்களில் பறந்துவிடும் அந்த பெர்கமாட், குளிரில் அவசரப்படாமல் நிற்கிறது. பனி கொட்டும்போது பஸ் நிறுத்தத்தில் நான் முகர்வது புளிப்பும் புகையும். பஸ்ஸுக்குள் போனபின் வெனிலா மெல்ல வருகிறது. நான்கில் இது ஒன்றுதான் இரண்டு இடத்துக்கும் இரண்டு முகம் காட்டுகிறது. முதல் கால் மணி நேரம் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டில் அதை 'மருந்து வாசம்' என்றார்கள். அதே ஆட்கள் மாலையில் என் கோட்டை மோந்து பார்த்து, இது எது என்று கேட்டார்கள். வாங்குவதானால் செறிவு கூடிய ஓ டி பர்ஃபம் வகையை வாங்குங்கள். குளிருக்கு அதன் வெனிலா கனம்தான் பொருத்தம்.

தியரி மூக்ளேர் நிறுவனத்தின் ஏஞ்சல் வேறு இயல்பு கொண்டது. 1992-இல் ஒலிவியே க்ரெஸ்ப் உருவாக்கிய இதிலிருந்துதான் இன்றைய கூர்மான் வகை தொடங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பஞ்சு மிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்டால் ஒரு பக்கம், ஈர மண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்த பச்சௌலி மறுபக்கம். பச்சௌலி என்ற சொல்லின் வேர் தமிழ் என்று ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. நம் பச்சிலைதான் பாரீஸ் வரை போய் மிட்டாயோடு மல்லுக்கு நிற்கிறது. அந்த மோதலை நான் உளமார மதிக்கிறேன். வெளியே, உறைந்த காற்றில், ஏஞ்சலைப் போலத் தெளிவாக ஒலிக்கும் சென்ட் வேறில்லை. பஸ்ஸுக்குள் நிலைமை மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குரலை உயர்த்துகின்றன, யாரும் அடங்குவதில்லை. அலுவலகம் போகும் நாளில் நான் இதைத் தொடுவதில்லை. திறந்த வெளியில் நடக்கப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

பாலின் மென்மையைத் தேடுகிறவர்கள் இப்போதெல்லாம் நேராகப் போய் நிற்கும் இடம் பியாங்கோ லாத்தே. ஜார்தினி தி தோஸ்கானா என்ற இத்தாலிய நிறுவனம் 2021-இல் வெளியிட்டது. பெயருக்கு வெள்ளைப் பால் என்று பொருள். கேரமல், தேன், வெனிலா, வெள்ளைக் கஸ்தூரி. என் மூக்குக்கு இது திரட்டுப்பால் இறக்கிய உருளியின் வாசனை. ஓரத்தில் ஒட்டிக் காய்ந்ததைக் கரண்டியால் சுரண்டும்போது வருமே, அதுவேதான். முதல் நாள் நான் மயங்கிப் போனேன். ஒரு வாரத்துக்குப் பிறகுதான் குறை தெரிந்தது: இதில் எதிர்ப்பே இல்லை. பஸ் நிறுத்தத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. உள்ளே போனால் இனிப்பு, பிறகும் இனிப்பு, மாலையிலும் அதே இனிப்பு. வீட்டில் போர்வைக்குள் புத்தகத்தோடு இருக்கும் இரவுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் விலை கொஞ்சமில்லை. ஒரு போர்வைக்காக அவ்வளவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, சிறிய மாதிரிக் குப்பியோடு நிறுத்திக்கொண்டேன்.

நான்காவது கம்ரா. இதைச் சொல்லும்போது ஏஞ்சல்ஸ் ஷேரையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். ஏஞ்சல்ஸ் ஷேர் 2020-இல் கிலியான் நிறுவனத்திலிருந்து வந்தது. நிறுவனர் கிலியான் ஹென்னசி, பிரெஞ்சு கோன்யாக் மதுவால் பெயர்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். பீப்பாயில் ஊறும் மதுவில் ஆவியாகிப் போகும் பங்கைத்தான் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். அந்தப் பெயரே சென்ட்டுக்கும். கோன்யாக், ஓக் மரம், இலவங்கப்பட்டை, பிரலின் என்னும் சர்க்கரைப் பாகில் வறுத்த கொட்டை. ஐக்கிய அரபு அமீரகத்தின் லத்தாஃபா 2022-இல் கம்ராவைக் கொண்டுவந்தது. பட்டையும் பிரலினும் இதிலும் உண்டு. கூடவே ஜாதிக்காயும் பேரீச்சையும். நகல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஏஞ்சல்ஸ் ஷேரில் மரமும் மதுவும் இனிப்பை உலர வைக்கின்றன. அது மெலிந்த, நேர்த்தியான வாசனை. கம்ராவில் பேரீச்சைப் பாகு ஓடுகிறது, கனம் அதிகம். ஆனால் பட்டையின் காரம் அந்தப் பாகைப் பிடித்து நிறுத்துகிறது. பஸ் நிறுத்தத்தில் கம்ராவே மேல். உள்ளே ஏஞ்சல்ஸ் ஷேர் நாகரிகமாக இருக்கிறது. இருந்தாலும் அதன் 50 மில்லி குப்பிக்குத் தரும் பணத்தில் கம்ராவின் 100 மில்லி குப்பிகள் நான்கைந்து வாங்கிவிடலாம் என்னும்போது, அந்த நாகரிகத்துக்கு இவ்வளவு விலை தகாது என்றே சொல்வேன். கம்ராவைக் கழுத்தில் ஒரே ஒரு முறை அடியுங்கள். இரண்டாவது முறைக்குக் கை போனால் குப்பியை மூடி உள்ளே வைத்துவிடுங்கள்.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று வெகுநாள் யோசித்தேன்: பிராடா கேண்டி, 2011, டானியேலா ஆந்திரியே செய்தது. கேரமலோடு அதில் நிறைந்திருப்பது பென்சாயின், அதாவது நம் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை மாலை வாசனை எனக்கு உடனே வந்துவிடுகிறது, அதனால் நடுநிலையாக எடைபோட முடியவில்லை. விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு குப்பிதான் வாங்க முடியும் என்றால் ஷாலிமார். பணம் இறுக்கமாக இருந்தால் கம்ரா, தயங்கவே வேண்டாம். எதுவானாலும் முதலில் இரண்டு மில்லி மாதிரி வாங்கி, வேலைக்குப் போகும் ஒரு நாள் முழுவதும் போட்டுப் பாருங்கள். குளிரில் வறண்ட தோல் வாசனையைச் சீக்கிரம் விட்டுவிடும். வாசனையில்லாத லோஷனைத் தடவி, அதன்மேல் அடிப்பது நல்லது. சால்வையில் அடிப்பதானால் கறுப்புக் கம்பளியாக இருக்கட்டும். வெனிலின் நாளாக ஆகப் பழுப்பேறும். என் வெள்ளைச் சால்வையின் ஓரத்தில் ஷாலிமார் விட்ட தேநீர் நிறக் கறை மூன்று முறை துவைத்தும் போகவில்லை.