ஹெர்குலஸுக்குப் பச்சை பெயிண்டும் கைவேலை விளக்கும்: சில வருட அனுபவம்

வண்டி 22 அங்குல ஹெர்குலஸ். கம்பி பிரேக், 28 × 1½ டயர், காட்டர் பின் (பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் ஆப்பு) அடித்த கிராங்க், முழு செயின் கவர். கோயம்புத்தூரில் ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு வாடகை சைக்கிள் கடையை மூடியபோது பரணில் கிடந்தது. பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து எடுத்து வந்தேன். ஓவராயில் செய்து, பெயிண்ட் மாற்றி, டைனமோவுக்கு நானே எல்.இ.டி. விளக்கு செய்து மாட்டி ஆறேழு வருடம் ஆகிறது. காட்சிக்கு வைத்த வண்டி இல்லை. வேலைக்குப் போவது, காய்கறி வாங்குவது எல்லாம் இதில்தான். பழைய சைக்கிளைப் புதுப்பித்த அன்று எடுத்த பளபளப்பான படங்கள் எங்கும் கிடைக்கின்றன. நாலு மழைக்காலம் போனபின் அந்த வண்டி எப்படி இருக்கிறது என்பதுதான் கிடைப்பதில்லை.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வண்டியில் விளக்கில் எவ்வளவு கை வைத்தாலும் லாபம். பெயிண்டில் எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. பெயிண்ட் ஒரு வேலை, விளக்கு வேறொரு வேலை என்று பிரித்துத் திட்டமிடவும் முடியாது. ஏன் என்று பின்னால் வரும்.

உதிரி பாகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜூன் 3ஆம் தேதி, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, அட்லஸ் சைக்கிள் கம்பெனி டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள தன் சாகிபாபாத் ஆலையை மூடியபோது பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. நடைமுறையில் பெரிய தட்டுப்பாடு வரவில்லை. ஹீரோ, அட்லஸ், ஹெர்குலஸ் எல்லாமே பழைய பிரிட்டிஷ் அளவுகளையே பின்பற்றியவை. ஒன்றின் பிரேக் கட்டை, காட்டர் பின், கப், பால்ரஸ் எல்லாம் பெரும்பாலும் இன்னொன்றுக்கும் பொருந்தும். லூதியானா சரக்கு எந்தப் பழைய சைக்கிள் கடையிலும் உண்டு. தரம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

சரி, பெயிண்ட். வாடகை வண்டி என்பதால் கடைக்காரர் அழுக்கு தெரியும்போதெல்லாம் பிரஷ்ஷால் ஒரு கோட் இழுத்திருக்கிறார். ரிமூவர் போட்டு உரித்தபோது சிவப்பு வந்தது, நீலம் வந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் ஆலையில் சுட்ட கறுப்பு எனாமல், அதன் மேல் மெல்லிய தங்கக் கோடுகள். மேலே இருந்த எல்லாம் தோல் மாதிரி கழன்று வர, அந்தக் கறுப்பு மட்டும் லேசில் விடவில்லை. அடுப்பில் சுட்ட எனாமலின் பிடிப்பு அப்படி. அந்தக் கறுப்பு முக்கால்வாசி நன்றாக இருந்திருந்தால் பாலிஷ் போட்டு அப்படியே விட்டிருப்பேன். உங்கள் வண்டியில் அப்படி இருந்தால் தொடாதீர்கள். என் வண்டியில் கீழ்ப் பக்கம் முழுக்கத் துரு ஏறியிருந்தது, வேறு வழியில்லை.

மூன்று விதமான பெயிண்டை ஒரே வண்டியில் போட்டேன். பிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் பவுடர் கோட்டிங், அதாவது வண்ணப் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படிய வைக்கிற பூச்சு. மட்கார்டுக்கும் செயின் கவருக்கும் கார் பட்டறையில் ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்ட். விளக்குக் கூட்டுக்கு மட்டும் கடையில் விற்கிற ஸ்ப்ரே டின். எல்லாம் ஒரே கரும்பச்சை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சாயல் வித்தியாசம் தெரியும்.

கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் பட்டறைகள் ஏராளம் என்பதால் பவுடர் கோட்டிங் போடுமிடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு பிரேமை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் கொஞ்சம் அலட்சியமாகப் பார்ப்பார்கள், வேறு வேலை ஓடும்போது கூடவே மாட்டிவிடுவார்கள். ஏறக்குறைய 180 டிகிரியில் சுடுவதால், பழைய பிரேமில் குழாய்களை இணைக்கும் லக் மூட்டுகளில் பித்தளைப் பற்று வைத்த இடங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் சாதாரண பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. நசுங்கிய இடத்தைப் பட்டி வைத்துச் சமன் செய்யலாம் என்ற எண்ணம் இருந்தால் பவுடர் கோட்டிங்கை மறந்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் கிராங்க் போகிற குழாயின் மரைகளையும், ஹேண்டில் கப் உட்காரும் வாயையும் அடைத்துக் கொடுக்க வேண்டும். சீட் கம்பத்துக்குப் பக்கத்தில் வெட்டியிருக்கும் பிரேம் நம்பரைப் பற்றியும் சொல்லிவைப்பது நல்லது. பூச்சு தடியானால் எண் மூழ்கிப் போகும். வண்டி திருட்டுப் போனால் போலீஸில் சொல்ல உங்களிடம் இருப்பது அந்த எண் ஒன்றுதான்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு நிலவரம் இது. பவுடர் கோட்டிங் கீறலுக்கு அசையவில்லை. பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் மேலே சாய்ந்தும் தாக்குப்பிடித்தது. ஆனால் செயின் ஓரத்தில் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்தது. அதன் வழியாக உள்ளே போன ஈரம் பூச்சுக்கு அடியில் துருவைப் பரப்பிவிட்டது. வெளியே பச்சை அழகாக இருக்கிறது, நகத்தால் தட்டினால் பொருக்காகக் கழன்று வருகிறது. கார் பட்டறைப் பெயிண்ட் அதற்கு நேர் எதிர். சின்னச் சின்ன அடிக்கெல்லாம் பெயரும். ஆனால் மீதி வைத்திருந்த பெயிண்டை ஒரு தீக்குச்சி முனையில் தொட்டு வைத்தால் கதை முடிந்தது. ஸ்ப்ரே டின் முதல் வருடமே வெளிறியது, பெட்ரோல் துணி பட்ட இடத்தில் கரைந்தும் விட்டது. மறுபடி செய்வதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் நல்ல பிரைமரும் அதன்மேல் கார் பட்டறைப் பெயிண்டும்தான். ஹார்டனர் கலந்த பெயிண்டின் புகை நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு மொட்டைமாடியில் அடிக்கிற வேலை இல்லை அது. பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

தங்கக் கோடுகளை ஒரு பழைய சைன்போர்டு ஓவியர் கையால் இழுத்துத் தந்தார். பிளெக்ஸ் வந்தபின் அவருக்கு இந்த மாதிரி வேலை அபூர்வம். நீள முடி வைத்த பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, சுண்டுவிரலைக் குழாயில் ஊன்றி ஒரே மூச்சில் இழுத்தார். வண்டியில் இன்றுவரை யாராவது நின்று பார்க்கிற இடம் அந்தக் கோடுகள்தான், என் விளக்கு இல்லை. பின் மட்கார்டில் இருந்த வாடகைக் கடை நம்பரையும் அதே இடத்தில் அவரையே எழுதச் சொன்னேன். அது இல்லாமல் வண்டி மொட்டையாகத் தெரிந்தது.

இனி விளக்கு. டயரில் உரசிச் சுழலும் நம் ஊர் பாட்டில் டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்புக்கு 2.4 வாட், பின் பல்புக்கு 0.6 வாட் என்று கணக்கு. பின் பல்பு போய்விட்டால் அதன் பங்கும் முன் பல்புக்கே போகும்; கொஞ்சம் வேகமாக மிதித்தால் அதுவும் அவுட். இருட்டில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் காற்றைப் பிடுங்கிவிடுகிற காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

எல்.இ.டி. இங்கே ஏன் அழகாகப் பொருந்துகிறது என்றால், டைனமோ ஓர் அளவு வேகத்துக்கு மேல் கரண்டைக் கிட்டத்தட்ட அரை ஆம்பியரிலேயே நிறுத்திக்கொள்கிறது. வேகம் கூடக் கூட அலைவெண் கூடும், அதனோடு சுருளின் தடையும் கூடும். எல்.இ.டி.க்கு வேண்டியதும் நிலையான கரண்டுதான். அதனால் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் போர்டு எதுவும் தேவையில்லை. நான்கு ஷாட்கி டயோடுகளை, 1என்5819 போதும், மாறு திசைக் கரண்டை ஒரே திசையாக்கும் பிரிட்ஜாகக் கட்டி, அதன் பின் 3 வாட் வகை வெள்ளை எல்.இ.டி. இரண்டைத் தொடராக மாட்டினேன். குறுக்கே 25 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 1என்4007 போட்டாலும் எரியும், ஆனால் டயோடுகளிலேயே ஒரு வோல்ட் போலக் கூடுதலாக வீணாகும். மெதுவாக மிதிக்கும்போது அது தெரியும். எல்.இ.டி. கம்பி வழியில் அறுந்தால் டைனமோ வோல்டேஜ் எகிறிக் கெப்பாசிட்டரை வெடிக்க வைக்கும் என்பதால், குறுக்கே ஒரு பாதுகாப்பு ஜீனர் (வோல்டேஜை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத டயோடு) அவசியம்.

யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, இதே டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டிருக்கிறார்கள். அந்த மூன்று வாட்டை நாம் ரொம்பக் குறைவாக மதிப்பிட்டுவிட்டோம் என்று இதை நினைக்கும்போதெல்லாம் தோன்றும்.

பெயிண்டும் விளக்கும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான். பழைய அமைப்பில் டைனமோவிலிருந்து ஒரே ஒரு ஒயர் வரும். திரும்பிப் போகிற வழி பிரேம் இரும்பு. டைனமோ கிளாம்பில் இருக்கும் கூரான ஸ்க்ரூ பெயிண்டைக் குத்தி எர்த் பிடிக்கும். பவுடர் கோட்டிங் போட்ட பிரேமில் அது சரியாகப் பிடிப்பதில்லை. அழுத்திக் குத்தினால் பிடிக்கும், அந்த ஓட்டையிலிருந்தே துருவும் கிளம்பும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டைனமோவின் ஒரு முனை பாடியில் இருக்கும்போது, பிரிட்ஜுக்குப் பின்னால் வரும் விளக்கின் நெகட்டிவும் பாடியில் பட்டால் ஒரு டயோடு ஷார்ட் ஆகி, அலையின் ஒரு பாதி விளக்குக்கு வராமல் போய்விடும். விளக்கு மங்கலாகத் துடிக்கும். எங்கே கோளாறு என்று தேடித் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் இரண்டு ஒயர் இழுத்து, எல்.இ.டி. உட்காரும் அலுமினியத் தகட்டை இரும்புக் கூட்டிலிருந்து மைக்கா துண்டால் பிரித்துவிட்டேன். பிரேமைத் துளைக்கவில்லை, ஒயர்கள் பிரேக் கம்பியோடு ஒட்டிப் போகின்றன.

பின் விளக்குதான் எனக்குப் பெரிய திருப்தி. டைனமோ வண்டி சிக்னலில் நின்றால் விளக்கும் நின்றுவிடும். பின்னால் லாரி வரும்போது அது சரிவராது. 47 ஓம்ஸ் ரெசிஸ்டர் வழியாக, 5.1 வோல்ட் ஜீனர் காவலோடு, கரண்டைச் சேமித்து வைக்கும் 5.5 வோல்ட் 1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்று. அதிலிருந்து இரண்டு சிவப்பு எல்.இ.டி.கள், ஒவ்வொன்றுக்கும் தனி 330 ஓம்ஸ். இரண்டு தெரு மிதித்தால் சார்ஜ் ஏறிவிடும். நின்றபின் சில நிமிடம் மெல்ல மங்கிக்கொண்டே எரியும். பேட்டரி இல்லை, சார்ஜர் இல்லை, இரவில் மறந்து விட்டுவிட்டோமோ என்ற கவலையும் இல்லை. இத்தனை வருடத்தில் இதில் நான் மாற்றியது ஒயர் மட்டும்தான்.

முன் விளக்கின் குறை வெளிச்சம் போதாமை அல்ல, கூசுவது. டார்ச் லென்ஸ் வட்டமாகக் கொட்டும். எதிரே வருகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜெர்மனியில் சைக்கிள் விளக்கின் ஒளி மேல்பக்கம் கத்தரித்தாற்போல் நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நான் பழைய விளக்கின் தொப்பியை வைத்துக்கொண்டு, லாரி ஹெட்லைட்டில் பூசுவார்களே, அதுபோலக் கண்ணாடியில் கறுப்பு பூசி, மூக்கைக் கீழே சாய்த்திருக்கிறேன். பாதிக் குறைகிறது, முழுக்க இல்லை.

மழையில் டைனமோ உருளை வழுக்கும். பழைய டியூபில் வெட்டிய வளையம் ஒன்றை உருளைக்கு மாட்டினால் சமாளிக்கலாம். ஒரு மழைக்காலத்துக்குள் தேய்ந்துவிடும், வேறொன்று வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். உருளையின் அச்சு நேராகச் சக்கர மையத்தைப் பார்க்கும்படி மாட்டினால் இரைச்சலும் டயர் தேய்மானமும் குறைகின்றன. இரும்பு ரிம்மில் மழை நேரத்துக் கம்பி பிரேக்கைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை.

சக்கர மையத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் டைனமோவுக்கு மாறலாமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இந்த வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின்னுக்கு 40. 32 ஓட்டை ஹப் டைனமோ கிடைக்கிறது, ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. தடை ஃபோர்க்கில். ஹப் டைனமோவுக்கு 100 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், பழைய ஃபோர்க் அதைவிடக் குறுகல். நெம்பி விரிக்கலாம்தான். விரித்தால் லக் ஓரத்தில் பவுடர் கோட்டிங் வெடிக்கும். அந்தப் பச்சை தானாக உரிந்து அடுத்த பெயிண்ட் வேலை வரும்வரை பாட்டில் டைனமோவே ஓடட்டும்.