துபாயில் முதன்முறை தங்குவதற்குத் தேராவா, மரீனாவா?

துபாய்க்கு முதன்முறையாகச் செல்வோர் பழைய தேராவில் அறை எடுப்பதா, புதிய மரீனாவில் எடுப்பதா என்று தயங்குவதுண்டு.

செலவு: தேராவில் சிறு விடுதிகள் ஏராளம், வாடகையும் குறைவு. மரீனாவில் கடல் தெரியும் சன்னலுக்கே தனி விலை.

போக்குவரத்து: தேரா விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. மரீனாவுக்கு மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் நெடுநேரம் செல்ல வேண்டும். ஆனால் அங்கே சுற்றிவர 2014 முதல் டிராம் ஓடுகிறது.

முதல் காட்சி: மரீனாவில், நிலத்தை வெட்டிக் கடல்நீரைப் புகுத்திய கால்வாயும், அடியிலிருந்து நுனிவரை 90 பாகை முறுகி நிற்கும் கயான் கோபுரமும் கண்ணை நிறைக்கின்றன; எனினும் எனக்கு அது ஊராகத் தோன்றவில்லை, நேற்றுத் திறந்த கண்காட்சியாகவே தோன்றியது. தேராவிலோ, மசாலாச் சந்தையில் சாக்குகளில் குவித்திருக்கும் கறுத்துக் காய்ந்த எலுமிச்சையின் மணம் மாறுவதற்குள் கழிமுகக் கரைக்கு வந்துவிடலாம். அங்கே மரக்கலங்களில் டயர்களும் குளிர்பதனப் பெட்டிகளும் ஏற்றப்படுவதைப் பார்த்தபடி, ஒன்றிரண்டு திர்ஹத்தில் ஆப்ரா படகேறி எதிரிலுள்ள பர் துபாயை அடையலாம். (ஆகஸ்டு வெயிலில் இந்த யோசனையை மறந்துவிடுங்கள்.)

குழந்தைகளோடு கடற்கரையை நாடுவோருக்கு மரீனா பொருந்தும். இரண்டு, மூன்று நாளில் ஊரின் இயல்பை அறிய விரும்புவோர் தேராவிலேயே தங்கலாம். மரீனாவை ஒரு மாலைப்பொழுதில் பார்த்துத் திரும்பிவிடலாம்.