பாறை ஏற வருபவர் கையில் எது இருக்க வேண்டும்: புத்தகமா, போனா, நாலு பக்கத் தாளா?

ஒரு ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டில் தங்கியிருந்த இருவர் காலை 6.30க்குப் பாறைக்குக் கிளம்பினார்கள். 11 மணிக்குத் திரும்பி வாசலில் வந்து நின்றார்கள், பாறையைக் கையால் தொடாமலே. அவர்களிடம் இருந்தது அழகாக அச்சடித்த வழிகாட்டி நூல். "பெரிய டர்பன்டைன் மரத்தில் இடப்பக்கம் திரும்பவும்" என்று அதில் இருந்தது. அந்த மரத்தைத் தோட்டத்தில் வெட்டி 3 வருடம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் கயிற்று மூட்டையோடு தேயிலைக்குள் சுற்றிச் சுற்றி வந்து, கால் நிறைய அட்டைக் கடியோடு திரும்பினார்கள்.

இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கம் ஏற வருகிறவர்களின் கையில் நான் பார்த்தவை மூன்று: அச்சு நூல், போனில் செயலி, இங்குள்ள பையன்கள் சேர்ந்து தயாரித்த 4 பக்கத் தாள். மூன்றையும் வைத்து நானும் ஏறியிருக்கிறேன். வெளியிலிருந்து வருபவருக்கு எது எந்த இடத்தில் கைகொடுக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பாதை. ஏறுவதைப் பற்றிப் பேசாமல் நடப்பதில் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டாம். மலையகத்தில் ஒரு நாள் வீணாவது பெரும்பாலும் பாறைக்கு வந்து சேர்வதற்குள்தான். புத்தகம் மரத்தையும் வேலியையும் அடையாளமாகச் சொல்கிறது, இரண்டும் நிலைக்காதவை. செயலி ஒரு புள்ளியைக் காட்டுகிறது. புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கும். ஆனால் அதற்கும் உங்களுக்கும் நடுவில் 200 மீட்டர் சரிவும், இடுப்பளவு தேயிலையும், புதிதாக வெட்டிய வடிகால் கானும் இருப்பது அதற்குத் தெரியாது. புள்ளியை நம்பி நேராக நடந்த ஒருவர் பாறையின் தலையில் போய் நின்றார், அடிவாரத்துக்குப் போக வேண்டியவர்.

தாள் இப்படிச் சொல்கிறது: "ஸ்டோரிலிருந்து கொழுந்து மடுவம். மடுவத்துக்குப் பின்னால் படி. படி முடிந்ததும் 7ஆம் நம்பர் மலை. மலைக்கு மேலே மாடசாமி கோயில். கோயிலுக்கு வலப்பக்கம் ஒற்றையடிப் பாதை." ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை, மடுவம் என்றால் பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை, நம்பர் மலை என்றால் எண் போட்ட தேயிலைப் பகுதி. இதில் ஒன்றுகூட அடுத்த வருடம் இடம் மாறிவிடாது. அதைவிட முக்கியம், வழி தவறினால் எதிரில் வருபவரிடம் இந்தச் சொற்களைச் சொல்லிக் கேட்கலாம். கொழுந்தெடுக்கும் எந்த அக்காவிடமும் "7ஆம் நம்பர் மலை எங்கே?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். புத்தகம் பாறைக்கு வைத்திருக்கும் பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் விளங்காது.

பெயர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சிவனொளிபாதமலை, ஸ்ரீபாத, ஆடம்ஸ் பீக் மூன்றும் ஒரே மலை. லிட்டில் ஆடம்ஸ் பீக் என்பதோ எல்லவில் இருக்கும் வேறொரு குன்று. இவ்வளவு பெயர்பெற்ற மலைக்கே இந்த நிலை என்றால், தோட்டத்துப் பாறையின் கதை என்ன? போர்டில் தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர், சனங்கள் கூப்பிடுவது வேறு பெயர், பக்கத்துக் கிராமத்தில் சிங்களத்தில் இன்னொன்று. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் அந்த நூலுக்குக் கேட்ட விலையைக் கொடுப்பேன்.

சரி, பாறைக்கு வந்தாயிற்று. இனி புத்தகத்தின் ராஜ்ஜியம். ஒருவர் எதிர்மலையில் நின்று நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, அதன்மேல் ஒவ்வொரு ரூட்டையும் (ஏறும் வழியை) கோடாகப் போட்டு, போல்ட்டுகளை (கயிற்றை மாட்டப் பாறையில் அடித்த ஆணிகளை) புள்ளியிட்டு, பக்கத்திலேயே கையால் வரைந்த வரைபடமும் தந்திருந்தால் அதற்கு ஈடில்லை. படத்தில் பாறையின் முகம் தெரியும். வரைபடத்தில் எங்கே வெடிப்பு, எங்கே வெளியே நீட்டிய தொங்கல், எங்கே நின்று மூச்சு வாங்கலாம் என்பது தெரியும். இரண்டும் வேண்டும். செயலியில் வருபவை பலரும் அடிவாரத்தில் நின்று போனை நிமிர்த்தி எடுத்த படங்கள். 30 மீட்டர் பாறை அதில் 10 மீட்டர் போலக் குறுகிவிடும். எங்கள் பையன்களின் தாள் இந்த இடத்தில் தோற்றுப்போகிறது. பல தடவை போட்டோகொப்பி எடுத்ததில் படம் கறுத்துப்போய், எது பாறை எது காடு என்று தெரியவில்லை.

கிரேடிலும், அதாவது ரூட் எவ்வளவு கடினம் என்ற அளவிலும், தாளை நம்பச் சொல்லமாட்டேன். அதை எழுதியவர்கள் வேறு நாட்டுப் பாறை எதிலும் ஏறியதில்லை. பிரெஞ்சு முறையில் 6ஏ என்பது அமெரிக்க முறையில் ஏறக்குறைய 5.10ஏ, ஆஸ்திரேலிய முறையில் 18. இதை அட்டவணையாகப் போடுவது புத்தகத்துக்குச் சுலபம். செயலியில் பலர் ஏறிவிட்டு ஆளுக்கொரு கிரேடு சொல்வதால் கொஞ்சம் நியாயமாக வரும். ஆனால் இங்கே ஒரு ரூட்டுக்கு வாக்களித்தவர்கள் இரண்டு பேராக இருந்தால் அந்தச் சராசரிக்கு என்ன பெறுமதி?

போல்ட் பற்றிய தகவல் உயிர் சம்பந்தப்பட்டது. தென் தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் துருப்பிடிக்காத உருக்கில் செய்த போல்ட்டுகளே வெளியே தெரியாமல் விரிசல் விட்டதால், டைட்டானியத்துக்கு மாறினார்கள். நம்முடையது கடலோரம் அல்ல. ஆனாலும் மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும் பாறையில் துத்தநாகம் பூசிய சாதாரண போல்ட் சீக்கிரமே கெட்டுவிடும். அதனால் எந்த வருடம் அடித்தது, எந்த உலோகம், ரூட்டின் முடிவில் கயிற்றை மாட்டும் ஆங்கர் என்ன வகை என்ற மூன்றும் ஒவ்வொரு ரூட்டுக்கும் எழுதப்பட வேண்டும். நான் பார்த்த நூலில் அடித்த வருடம் மட்டும் இருந்தது. புதிய செய்திக்குச் செயலிதான். "மூன்றாவது போல்ட் ஆடுகிறது" என்று ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எழுதினால் திங்கட்கிழமை வருபவர் தப்பிப்பார். ஆனால் யாரும் ஒன்றும் எழுதவில்லை என்பதற்கு அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. யாருமே போகாமலும் இருந்திருக்கலாம்.

ரூட்டின் நீளமும் அப்படித்தான். கயிறு மேலே போய்த் திரும்பி வருவதால் ரூட்டைப்போல் இரண்டு மடங்கு நீளம் வேண்டும். 35 மீட்டர் ரூட்டில் 60 மீட்டர் கயிற்றோடு ஏறிவிட்டு, கீழே இறக்கும்போது நுனியில் முடிச்சும் இல்லையென்றால், கயிறு கீழே நிற்பவர் அதைப் பிடித்திருக்கும் பிலே கருவியைத் தாண்டி ஓடிவிடும். இந்த எண்ணை மூன்றுமே சொல்கின்றன. தாளில் மட்டும் "70 மீட்டர் கயிறு, முடிச்சுப் போடு" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது.

பருவகாலத்துக்கு வருகிறேன். "டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சிறந்த காலம்" என்று முழுத் தீவுக்கும் ஒரே வரியில் எழுதும் நூல் இங்கே வருபவரை ஏமாற்றிவிடும். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை மலையின் மேற்கே அட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும்போது, மலையின் இந்தப்பக்கம் ஊவாவில் காய்ந்த காற்று அடிக்கும். வடகீழ்ப் பருவத்தில் மழை எங்கள் பக்கம். தேயிலைக்காரர்களைக் கேட்டால் இதைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்: ஊவா தேயிலைக்கு வாசம் ஏறுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை, மேற்குப் பக்கத்துத் திம்புள்ளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. கொழுந்துக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் அதே வறண்ட காற்றுதான் பாறையையும் காய வைக்கிறது. இந்த ஒரு பத்தியை எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

குளவி விஷயத்தில் புத்தகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் குளவி என்று சொல்லும் மலைத்தேனீ தொங்கல் பாறையின் அடியில் பெரிய அடையாகக் கட்டும். பருவத்துக்கு இடம் மாறும். போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் இருக்காது. கொழுந்தெடுக்கப் போனவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி மலையகத்தில் எத்தனை தடவை வந்திருக்கிறது! கயிற்றில் தொங்குபவருக்கு ஓடவும் வழியில்லை. ஒருமுறை எங்களோடு வந்த, தமிழ் தெரியாதவர்களைப் பார்த்து ஒரு அம்மா, "தம்பி, அந்தப் பக்கம் போகாதீங்க, குளவி கட்டியிருக்கு" என்றார். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவர்கள் சிரித்துத் தலையாட்டிவிட்டு நேராக அங்கேயே போயிருப்பார்கள். குளவி, சிங்களத்தில் பம்பரு, அப்புறம் வழுக்கும், மண்சரிவு: இந்தச் சொற்களை ஒரு பக்கத்தில் ஒலிப்போடு போட எவ்வளவு இடம் பிடிக்கும்?

கோயிலும் இதில் சேர்த்திதான். பாறையடியில் சூலமும் குங்குமமும் இருந்தால் அது முனியின் இடம்; அதற்கு மேலே போல்ட் அடிக்கக் கூடாது, திருவிழா நாளில் ஏறக் கூடாது. எந்தத் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்பது என்பதும் தாளில் இருக்கிறது. செயலியில் "அனுமதி தேவைப்படலாம்" என்ற ஒரு வரியோடு சரி.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனையோ சரிவுகள் இறங்கின. அதற்கு முன் அச்சான எந்த நூலின் பாதையையும் இப்போது விசாரிக்காமல் நம்பக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அமலில் இருக்கும் நாட்களில் பாறைப் பக்கமே போகக் கூடாது என்பதைத் தாளின் முதல் பக்கத்தில் இப்போது சேர்த்திருக்கிறோம்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: முதல் நாள் இரவு புத்தகத்தைப் படித்து ரூட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள், சிக்னல் இருக்கும்போதே செயலியின் பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள், மலைக்குத் தாளை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் தாள். படம் கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பாறை கண்முன்னால்தானே இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், யாராவது விழுந்தால் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டியது மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது: தோட்டத்தின் பெயர், டிவிஷன், மலையின் நம்பர், அம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய கடைசி இடம் கொழுந்து மடுவம்.